தில்லையம்பலத்தைத் தேடித் தவறணை தவறணையாய்ப் போன சனிக்கிழமை

எண்பத்தாறாம் ஆண்டு, ஆவணி மாசம், ஒரு சனிக்கிழமை. காலமை ஒன்பது மணிக்கு உரும்பிராய்ச் சந்தியிலை யாழ்ப்பாணம் போற மினிபஸ்ஸுக்கு நிண்டனான். எழுவது வயசிலை, தோய்ச்ச வேட்டியும் சால்வையுமாய். பெட்டிக்கடைப் பெடியன் எட்டிப் பாத்து, "என்ன அம்மான், கலியாண வீடோ?" எண்டான். "இல்லையடா, தவறணைக்குப் போறன்" எண்டன். அவன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஓம், தவறணைக்குத்தான். யாழ்ப்பாணத்திலை துவங்கித் தெல்லிப்பழை மட்டும் கிடக்கிற பார், தவறணை எல்லாம் போய்ப் பாத்து வரச்சொல்லி அனுப்பினது என்ரை தங்கச்சி பறுவதம். வெள்ளி, செவ்வாய் விரதம் பிடிக்கிறவள். சாராய மணம் வந்தால் சீலைத் தலைப்பாலை மூக்கைப் பொத்திறவள்.

அவளின்ரை புருசன் தில்லையம்பலத்தை ஒரு மாசத்துக்கு மேலை காணேல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, "கடற்கரைப் பக்கம் ஒரு பாரிலை ஆள் தேவையாம், கேட்டுக்கொண்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டு வடக்குப் பக்கம் போனவன். அண்டைக்கு மத்தியானம் தெல்லிப்பழைக்கு அங்காலை ஆமியும் பெடியளுமாய் ரண்டு பக்கத்தாலும் வெடி. நடுவிலை அம்பிட்ட ஒரு மினிபஸ் எரிஞ்சு போச்சு. உள்ளுக்கை இருந்த சனத்திலை ஆர் ஆரெண்டு பெத்த தாயாலையும் சொல்லேலாமல் கிடந்தது. தில்லையன் அதுக்குள்ளை இருந்தானோ, இல்லையோ, சொல்ல ஒருத்தரும் இல்லை. கொழும்புக்குத் திரும்பப் போட்டான் எண்டவை சிலபேர். வள்ளத்திலை இந்தியாவுக்குப் போட்டான் எண்டவை சிலபேர்.

சொந்தக்காரர் வந்து முத்தத்திலை இருந்து நியாயம் கதைச்சினம். பிரேதம் கிடைக்காட்டித் தர்ப்பையிலை உருவம் செய்து கொள்ளி வைக்க முறை இருக்காம். அந்தியேட்டியைச் செய்துபோட்டால் ஆத்துமா அலையாதாம். பறுவதம் கப்புத் தூணிலை சாஞ்சுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பேந்து சொன்னாள்:

"அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவரைக் கண்ட ஆள் இருந்தால், நான் பொட்டோடை இருப்பன். அவர் அந்த எரிஞ்ச மினிபஸ்ஸிலை ஏறினதைக் கண்ட ஆள் இருந்தால், தாலியைக் கழட்டித் தாறன். ரண்டிலை ஒரு ஆளைக் கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் தர்ப்பை கிர்ப்பை எண்டு என்ரை படலை திறக்காதேங்கோ."

எல்லாரும் போனாப்போலை என்னைப் பாத்து, "அண்ணை, அவரைக் கோயில் வழிய ஆரும் கண்டிருக்க மாட்டினம். அவர் போற இடத்திலை போய்க் கேளுங்கோ" எண்டாள்.

மினிபஸ் வந்தது. யாழ்ப்பாணம் நாலு மைல், ரண்டு ரூவா. யன்னல் கரை கிடைச்சுது.

தில்லையனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்லேலாது. அவன் கொழும்பிலை ஒரு பெரிய கோட்டலிலை பாருக்குள்ளை நிண்டவன். நான் அந்த நாளையிலை வெங்காய லொறி ஓடினனான். ஒருக்கால் புறக்கோட்டையிலை லோட்டை இறக்கிப்போட்டு அவனைப் பாக்கப் போனன். நான் சாரம் கட்டியிருந்ததைக் கண்டிட்டு முன் வாசலாலை விடேல்லை. குசினிப் பக்கத்தாலை கூட்டிக்கொண்டு போய் ஒரு திரைச்சீலைக்குப் பின்னாலை என்னை நிப்பாட்டினான். மூடி போட்ட வெள்ளிச் செம்பு ஒண்டு. அதுக்குள்ளை இதிலை கொஞ்சம், அதிலை கொஞ்சம், ஐஸ் கட்டி நாலு. தூக்கித் தோளுக்கு மேலை வைச்சுக் குலுக்கினான் பாருங்கோ, காவடி தோத்துது. "இதுக்குப் பேர் கொக்ரெயில், மச்சான்" எண்டு ஒண்டு தந்தான். குடிச்சன். பல்லுத் தீட்டினமாதிரி இருந்தது. அவனுக்குச் சொல்லேல்லை. அவன்ரை முகத்திலை அவ்வளவு சந்தோசம்.

எண்பத்துமூண்டிலை கலவரத்தோடை கப்பலிலை வந்து இறங்கினான், உடுத்த உடுப்போடை. ஒரு மாசம் வாய் திறக்கேல்லை. பேந்து ஒரு சனிக்கிழமை பின்னேரம், பறுவதத்தைத் தேசிக்காய் புளியச் சொன்னான். ஒரு துண்டு இஞ்சியை நசிச்சான். பனங்கட்டியைத் தண்ணியிலை கரைச்சான். சாராயத்தோடை எல்லாத்தையும் ஒரு ஜாம் போத்தலுக்குள்ளை விட்டு, மூடியை இறுக்கிக் கிணத்துக்குள்ளை தொங்கவிட்டான், குளிரட்டும் எண்டு. பேந்து எடுத்துக் குலுக்கினான். கிளாசின்ரை வாயிலை தேசித்தோலைத் தடவி, உப்புக்கை கவிட்டு எடுத்து, அதுக்குள்ளை வாத்தான்.

தோட்டத்திலை தண்ணி மாறிக்கொண்டு நிண்டவை எல்லாம் வந்திட்டினம். "என்ன தில்லையர், சாராயத்துக்குச் சொதி வைக்கிறீரோ?" எண்டு ஒருத்தன். "உப்புப் போட்டாச்சு, ரண்டு கறிவேப்பிலையையும் போடும் காணும்" எண்டு மற்றவன். தில்லையன் கோவிக்கேல்லை. "மாடு தண்ணி குடிக்கிறமாதிரிக் குடிக்கப்படாது. ஒரு கிளாசோடை ஒரு மணித்தியாலம் கதைக்க வேணும்" எண்டான். அடுத்த சனி பகிடி விட்டவங்கள்தான் முதல் ஆளாய் வந்து வாங்கிலை குந்தினவங்கள்.

பேந்து அவனுக்கு ஒரு பைத்தியம் பிடிச்சுது. வலிகாமத்திலை இருக்கிற தவறணை எல்லாத்துக்கும் போவான். கையிலை ஒரு கடதாசிச் சரையிலை உப்பும் இஞ்சியும். "இப்பிடிச் செய்து தாரும்" எண்டு கேட்டு வாங்கிக் குடிப்பான். அதாலை ஆளின்ரை படம் எனக்குத் தேவைப்படேல்லை. உப்புக் கிளாஸ் கேக்கிறவர் வந்தவரோ எண்டு கேட்டால் காணும் எண்டு நினைச்சன்.

பத்து மணிக்கு யாழ்ப்பாணம். பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட இருந்த பாருக்கு முதலிலை போனன். சுவர் மட்டும் நிக்குது. கூரை இல்லை. சாராயம் வாத்துக் குடுத்த மேசையடியிலை ஒரு பப்பாசிக் கண்டு இடுப்பளவுக்கு வளந்து நிக்குது. ஒரு காலத்திலை உதிலை லொறியை நிப்பாட்டிப்போட்டு அரைக் கிளாஸ் குடிச்சால், பக்கத்திலை இருக்கிறவன் தன்ரை குடும்பக் கதை முழுக்கச் சொல்லி முடிப்பான். இப்ப அதிலை நிக்கவே சனம் பயப்பிடுது. கோட்டை ஆமியிட்டை இருந்து எந்த நேரம் ஷெல் வரும் எண்டு தெரியாது. அங்காலை ஒழுங்கைக்குள்ளை இன்னொரு பார். கதவுக்குக் குறுக்காலை பலகை அடிச்சுக் கிடந்தது. காவலுக்கு நிண்ட கிழவன், "முதலாளி கனடாவிலை. போத்தல் எல்லாம் உள்ளுக்கை கிடக்கு, பூட்டின்ரை திறப்பும் அவரோடை போட்டுது" எண்டான்.

அங்கை இருந்து நடந்தே குருநகருக்குப் போனன். வெய்யில். கடற்கரையிலை வள்ளங்கள் எல்லாம் கவிட்டுக் கிடக்கு. கடலுக்கை இறங்கப்படாது எண்டு தடை. வலை இல்லாத மீன்பிடிகாரர் எங்கை இருப்பினம்? சூசை நடத்திற தவறணையிலை. சூசை எனக்கு முந்திப் பழக்கம், லொறியிலை கருவாடு ஏத்தின காலத்திலை.

"உப்புக் கிளாஸ்காரரோ?" எண்டு சூசை கேட்டான். "வாறவர், வாறவர். கள்ளுக்கையும் தேசிக்காயைப் புளிஞ்சு விட்டுப் பாத்தவர். கேளுங்கோ இவங்களை."

"அதைக் குடிச்சு மூண்டு நாள் நான் கடற்கரையிலைதான் குந்தியிருந்தனான்" எண்டான் மூலையிலை இருந்த ஒருத்தன். "கடலுக்கை போகாட்டிலும் கடற்கரைக்குப் போகப் பண்ணினவர் அவர்தான்."

எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சுப்போட்டன். பேந்து, எப்ப கடைசியாய்க் கண்டனீங்கள் எண்டு கேட்டன். சிரிப்பு நிண்டுபோச்சு. ஆனி மாசத்துக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்லை.

சூசை எனக்கு ஒரு கிளாஸ் கொண்டந்து வைச்சான். கிளாசின்ரை வாயிலை உப்பு. "காசு வேண்டாம் அண்ணை" எண்டிட்டு, குரலைத் தணிச்சு, "என்ரை தம்பியும் போன வரியம் கடலுக்குப் போனவன், திரும்பி வரேல்லை. செத்தவைக்கான பூசை குடுக்கச் சொல்லிப் பங்குச் சுவாமி சொல்லுறார். அம்மா விடமாட்டன் எண்டுறா. ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சேத்துத்தான் சோறு போடுறா. பின்னேரம் அதை நான்தான் சாப்பிடுறன்" எண்டான்.

நான் தேடித் திரியிறது எதை எண்டு எனக்கே தெரியேல்லை. ஆள் இருக்கிறான் எண்ட சொல்லையோ, இல்லை எண்ட சொல்லையோ? அந்தக் கிளாசை அரைவாசியோடை வைச்சிட்டு எழும்பினன்.

மத்தியானம் ஒரு மணிக்கு காங்கேசந்துறை றோட்டாலை போற மினிபஸ்ஸிலை ஏறினன். கொக்குவில், இணுவில், சுண்ணாகம். அந்த றோட்டிலை எனக்குத் தெரிஞ்ச மூண்டு தவறணையிலை ரண்டு பூட்டு. திறந்து கிடந்ததிலை கண்டறியேல்லை எண்டிச்சினம். மல்லாகத்திலை இறங்கி மேற்காலை ஒண்டரை மைல் நடந்தால் அளவெட்டி. நடந்தன். வழியிலை ஒரு வளவுக்குள்ளை ஆரோ நாயனம் பழகிறான். ஒரே இடத்திலை வந்து வந்து பிழைக்கிறான். திரும்பத் துவங்கிறான். திரும்பப் பிழைக்கிறான். அந்தப் பிழையைத் தாண்டமாட்டானோ எண்டு கொஞ்ச நேரம் வேலியோடை நிண்டன். தாண்டேல்லை.

அளவெட்டியிலை பனங்கூடலுக்கை ஒரு கள்ளுத் தவறணை. வாசலிலை ஒரு மனுசி, பொரிச்ச நண்டும் அவிச்ச மரவள்ளியும் வித்துக்கொண்டு இருக்குது. உள்ளுக்கை போக முந்தி அதிட்டைத்தான் கேட்டன்.

"பிள்ளை, நான் உரும்பிராயிலை இருந்து வாறன். உப்புத் தடவின கிளாஸ் கேக்கிற ஒருத்தர் உங்கை வாறவரோ?"

"ஓம் அப்பு. போன சனியும் வந்தவர்."

"போன சனியோ? வடிவாய் யோசிச்சுச் சொல்லு மோனை. போன மாசம் இல்லையே?"

"போன சனிதான். என்னட்டைத்தான் உப்பு வாங்கினவர். அண்டைக்கு நண்டும் இல்லை, வெறும் மரவள்ளி. இஞ்சை சாராயம் இல்லை எண்டிட்டுத் தெல்லிப்பழைத் தவறணைக்குப் போட்டார். சனிக்கிழமையளிலை பின்னேரம் அங்கைதான் இருப்பாராம்."

"ஆள் எப்பிடி? தலை வழுக்கையோ?"

"தலைப்பா கட்டியிருந்தவர். நான் ஆம்பிளையளின்ரை தலையைப் பாத்துக்கொண்டே இருக்கிறனான்? மரவள்ளி ஒரு துண்டு எடுங்கோ, முகம் வேர்த்துக் கிடக்கு."

மரவள்ளி வாங்கினன். கையிலை வைச்சுக்கொண்டு நடந்தன், தின்னேல்லை. அளவெட்டியிலை இருந்து தெல்லிப்பழைக்குக் குறுக்காலை ரண்டு மைல் வரும். என்ரை காலுக்கு அது ஒரு மணித்தியாலப் பாதை. அண்டைக்குக் கால் தானாய்ப் போச்சுது. வழி முழுக்க அவனுக்குப் பேச வேண்டிய பேச்சை அடுக்கிக்கொண்டு போனன். ஏனடா, ஒரு பெண்சாதியை இப்பிடி அந்தரிக்க விட்டிட்டு இஞ்சை இருந்து குடிக்கிறியோ? வேலை கிடைக்காட்டில் என்ன, வீட்டை வந்து சொல்ல வெக்கமோ? ரண்டு அறை குடுக்கிறது எண்டு முடிவு பண்ணினன். மச்சானெண்டாலும் பரவாயில்லை. பேந்து காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்ப் படலையடியிலை விடுறது. பறுவதம் என்ன செய்வாள்? பேசுவாள். பேசிப்போட்டுக் குசினிக்குள்ளை போய் அழுவாள். பேந்து புட்டு அவிப்பாள்.

நாலரை மணிக்குத் தெல்லிப்பழை. ஆசுபத்திரிக்கு இஞ்சாலை ஒரு ஒழுங்கையிலை தவறணை. தகரக் கூரை, நாலு வாங்கு. வாத்துக் குடுக்கிறவனிட்டை, "உப்புக் கிளாஸ் கேக்கிறவர் வந்திட்டாரோ?" எண்டன்.

"எந்த உப்புக் கிளாஸ்காரர்?" எண்டான் அவன். "இஞ்சை இப்ப பத்துப் பேர் உதைத்தான் கேக்கினம். கொழும்பிலை இருந்து வந்த ஒரு அண்ணை பழக்கி விட்டது. இஞ்சி இடிச்சு இடிச்சு என்ரை கை எரியுது."

அதைக் கேட்டுப்போட்டு, எனக்கும் ஒண்டு எண்டு சொல்லி வாங்கிலை இருந்தன். பத்துப் பேர். எனக்கு முன்னாலை ஒருத்தன் உப்பை நக்கி நக்கிக் குடிக்கிறான். யன்னல் கரையிலை இன்னும் ரண்டு பேர், அதே கிளாஸ், ஒரு கிளாசோடை கனநேரமாய்க் கதைச்சுக்கொண்டு இருக்கினம். தில்லையன் இதைக் கண்டிருந்தால் ஆடியிருப்பான். அப்ப அளவெட்டிக்கு வந்தது அவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? எண்டாலும் மனம் விடேல்லை. பத்திலை ஒண்டு அவனாய் இருக்கப்படாதோ?

கொஞ்ச நேரத்தாலை எனக்குப் பின்னாலை ஒரு குரல். "தம்பி, இஞ்சியை நல்லாய் நசியும். உப்புக் கரையாமல் பாத்துத் தடவும்."

நான் உடனை திரும்பேல்லை. திரும்பாத மட்டும் அது அவன்தானே. பேந்து திரும்பினன். தலைப்பா கட்டின ஒரு ஆள். நாப்பது வயசிருக்கும். வலக்கை விரலிலை தவில் அடிக்கிற கூடு கழட்டாமல் கிடக்கு. என்னையே பாத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரை இருந்தார்.

"ஐயா உரும்பிராயோ?" எண்டு கேட்டார். "உரும்பிராயிலை இருந்து ஒரு பெரியவர் உப்புக் கிளாஸ்காரரைத் தேடிக்கொண்டு போறார் எண்டு நண்டு விக்கிற மனுசி சொன்னது. தில்லை அண்ணை அனுப்பினவரோ? ஏன் அவர் வாறேல்லை? வருத்தமோ?"

நான் சொல்ல முந்தி அவரே கதைச்சார். பேர் பொன்னுத்துரை, அளவெட்டி, தவில்காரர். சனிக்கிழமையளிலை இந்த மேசையிலைதான் அவையள் ரண்டு பேரும் இருக்கிறவையாம். தில்லையன் மேசையிலை விரலாலை தட்டித் தாளம் கேப்பானாம். இவர் சொல்லிக் குடுப்பாராம்.

"நீர் அவனைக் கடைசியாய் எப்ப கண்டனீர்?" எண்டன்.

"ஒரு செவ்வாய்க்கிழமை. காலமை பதினொரு மணி இருக்கும். ஆசுபத்திரியடியிலை பஸ்ஸுக்கு நிண்டவர். கடற்கரைப் பக்கம் வேலை ஒண்டு பாக்கப் போறன் எண்டார். வாற மினிபஸ் ஒண்டும் நிப்பாட்டேல்லை. நான்தான் நடு றோட்டிலை இறங்கிக் கையைக் காட்டி மறிச்சு ஏத்திவிட்டனான்."

"என்ன நிறம்?"

அவர் கிளாசை மேசையிலை வைச்சார்.

"நீலம்" எண்டார்.

எரிஞ்சதும் நீலம். அண்டைக்குப் பதினொரு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போன மினிபஸ் அது ஒண்டுதான் எண்டு எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நான் கேக்கிறதுக்கு முந்தியே அவர் சொன்னார்:

"வெடிச் சத்தம் கேட்டது ஐயா. மினிபஸ் எரிஞ்சது எண்டும் கேள்விப்பட்டனான். அது வேறை மினிபஸ் எண்டு எனக்கு நானே சொன்னன். ஒருத்தரிட்டையும் கேக்கப் பயந்துபோய், ஒவ்வொரு சனியும் இஞ்சை வந்து இருக்கிறன். அவர் வந்தால் அவரிட்டையே கேப்பம் எண்டு."

எவ்வளவு தூரம் தேடி வந்தனான். நான் தேடி வந்த இந்த உப்புக் கிளாஸ்காரரும் இஞ்சை இருந்து அவனைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் அவரைத் தில்லையன் எண்டும், அவர் என்னைத் தில்லையன் அனுப்பின ஆள் எண்டும் நினைச்சிருக்கிறம். எங்கடை மேசையிலை ரண்டு கிளாஸ். அதுக்குப் பிறகு ஒருத்தரும் தொடேல்லை. உப்புக் கரைஞ்சு கிளாசின்ரை கரையாலை வழிஞ்சுது.

"தங்கச்சி ஒரு ஆளைக் கேட்டவள்" எண்டன். "மினிபஸ்ஸிலை ஏறினதைக் கண்ட ஆளை."

அவர் விரலிலை கிடந்த கூடுகளை ஒவ்வொண்டாய்க் கழட்டி மடியிலை போட்டார். "நடவுங்கோ" எண்டு எழும்பினார்.

ஐஞ்சரை மணிபோலை மருதனார்மடத்திலை இறங்கி, அங்காலை கிழக்காலை நடந்தம். ரண்டு மைல். தூரத்திலை ஹெலி ஒண்டு சுத்திக்கொண்டு திரிஞ்சுது. சனம் கெதியாய்ப் படலையளைச் சாத்துது. வேறை ஊர் பாத்து வாறவை கோபுரம் கண்டம், கடல் கண்டம் எண்டு சொல்லுவினம். நான் கண்டது பூட்டின கதவு, கவிட்ட வள்ளம், ஒரு பப்பாசிக் கண்டு. எங்கடை ஊரும் அதுதான். இதுக்கை நாலு தவறணையிலை ஒருத்தன் தன்ரை கைப்பழக்கத்தை விட்டிட்டுப் போயிருக்கிறான். அதை வைச்சு அவனைத் தேடேலாது எண்டு மட்டும் எனக்கு விளங்கிச்சுது.

பறுவதம் படலையடியிலை நிண்டாள். என்னைப் பாத்தாள். எனக்குப் பின்னாலை வந்த புது ஆளைப் பாத்தாள். பொன்னுத்துரைதான் தலைப்பாவைக் கழட்டிக் கையிலை எடுத்துக்கொண்டு, "நான்தான் அம்மா ஏத்திவிட்டனான்" எண்டார்.

அவள் படலையை அகலத் திறந்தாள்.

"அண்டைக்கு விடியச் சாப்பிடாமல் போனவர்" எண்டாள். "ஏதும் சாப்பிட்டவரோ?"

"ஓம் அம்மா. ரண்டு வடையும் தேத்தண்ணியும். நான்தான் வாங்கிக் குடுத்தனான்."

வடைக் கதையை அவர் எனக்குச் சொல்லேல்லை. உண்மையோ பொய்யோ, இண்டைவரைக்கும் நான் கேக்கேல்லை.

பறுவதம் தலையாட்டினாள். பேந்து என்னட்டைத் திரும்பினாள். "அண்ணை, வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வாங்கோ. பொழுதுபட முந்திக் குருக்களிட்டைப் போய்க் கொள்ளி வைக்க நாள் கேக்க வேணும்."